மழைக்கு முந்திய தேதி

செய்தி வந்தபோது காலை மணி ஒன்பதே கால். 1868 மார்ச் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை. ஹாக்ஸ்பெக் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த ஆமோஸ் பிக்தால், கொல்லையிலிருந்த மழைமானியை எடுத்து, முந்தைய இரவின் மழையை அளவுக் குப்பியில் ஊற்றிப் பார்த்துவிட்டு, மறந்துபோகாமல் இருக்க எண்ணை முணுமுணுத்துக்கொண்டே கடைக்குள் வந்துகொண்டிருந்தார். வாசலில் தபால்காரன் நெட் டின்ஸ்டேல் நின்றிருந்தான். அவன் கையில் கடிதம் இல்லை.

"பிக்தால் ஐயா, இனிமே தோர்ன்டேலுக்கு நீங்க ஸ்டாம்ப் ஒட்ட வேண்டாம். பாதிரியார் போயிட்டாரு."

"எங்க போனாரு?"

"எங்க போவாரு, மேலதான். நேத்து."

"எத்தன மணிக்கு?"

"சாயங்காலம் நாலரைன்னு சொன்னாங்க. ஏன் கேக்குறீங்க?"

"தேதியச் சரியா குறிச்சு வச்சுக்கடா. அவரு ஆளுங்க ஒரு நாள் முன்னாடியே செத்ததா எழுதிடுவாங்க."

நெட் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து மனைவி கெசியாதான் கத்தினாள். "செத்த மனுஷன்கூடவும் சண்டையா? உங்க நாக்குல என்னதான் இருக்கு?"

ஆமோஸ் பதிவேட்டைத் திறந்தார். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, முணுமுணுத்து வந்த எண் மறந்துவிட்டது. குப்பித் தண்ணீரை ஏற்கெனவே கொட்டியாகிவிட்டது. இருபத்தொன்பது ஆண்டுகளில் அந்த ஒரு நாளுக்கு எதிரே மட்டும் அவர் கோடு போட்டு வைத்தார்.

ஆமோஸ் நெசவாளி மகன். பதிமூன்று வயதில் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, முதலாளி இறந்தபின் கடையைத் தனதாக்கிக்கொண்டவர். 1839 ஜனவரியில் வீசிய பெரும்புயல் கடையின் பாதிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. இது வருவது ஏன் தனக்கு முன்கூட்டியே தெரியவில்லை என்று வானத்தின்மேல் கோபம் வந்து, அந்த வாரமே காற்றழுத்தமானி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டினார். மழைமானி அதற்குப் பின் வந்தது. வானத்தை ஆராய்ந்தார் என்று சொல்வதைவிட, அதன் போக்குவரத்தைச் சந்தேகத்தோடு கண்காணித்தார் என்று சொல்லலாம். காலை ஒன்பது மணிக்கு அளவு, பகலில் பெய்திருந்தால் மாலையில் இன்னொரு அளவு, கூடவே மேகமும் காற்றும். கல்யாணத்தன்றும் அளந்தார். மகளைப் புதைத்த அன்றும் அளந்தார்.

லான்சலட் தோர்ன்பர் பாதிரியார் 1856இல் மலைமுகட்டுக்கு அப்பால், ஆறு மைல் தள்ளி, தோர்ன்டேல் கிராமத்துக்கு வந்தார். தோட்டத்தில் ஒரு தொலைநோக்கியை நிறுத்தினார். விண்மீன்கள் நடுவானைக் கடக்கும் நேரத்தைக் கொண்டு கோயில் கடிகாரத்தைத் திருத்தினார். அடுத்த ஆண்டு ஹாக்ஸ்பெக்கில் ஒரு மருந்துக்கடைக்காரர் மழை அளக்கிறார் என்று கேள்விப்பட்டு, அளவுகளைப் பரிமாறிக்கொள்ளலாமா என்று மரியாதையாகக் கடிதம் எழுதினார். ஆமோஸுக்கு அன்று தலைகால் புரியவில்லை. கடிதத்தைக் கடைக்கு வந்த எல்லோரிடமும் காட்டினார்.

மரியாதை நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. இருவர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பாதிரியார் ஊரில் மழை எப்போதும் ஒரு நாள் முன்னதாகப் பெய்திருந்தது. எப்போதும் என்றும் சொல்ல முடியாது. சில நாள் பொருந்தியது. மழை அளவுகள் ஏறக்குறைய ஒன்றே, தேதிதான் உதைத்தது. ஆறு மைலைக் கடக்க மேகத்துக்கு ஒரு முழு நாள் எதற்கு?

"அன்புள்ள ஐயா," என்று எழுதினார் ஆமோஸ், "தாங்கள் பதினோராம் தேதி அளந்ததாகச் சொல்லும் மழை, அன்று இந்த மாவட்டத்திலேயே பெய்யவில்லை."

"அன்புள்ள ஐயா," என்று பதில் வந்தது, "மழையை அன்றன்று அளக்காமல், கடையில் கூட்டம் குறைந்த மறுநாள் அளப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்."

பதினோரு ஆண்டுகள் இப்படியே போயிற்று. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. ஒவ்வொன்றும் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்று முடியும். கெசியா அதைப் படித்துவிட்டு ஒருமுறை கேட்டாள்: "நாலு பக்கத்துக்குத் திட்டிட்டுக் கடைசியில ஊழியன்னு போடுறீங்களே, இதுல யாரு யாருக்குக் காலமுக்கி விடுறது?"

ஆனால் அது சிரிப்போடு நிற்கவில்லை. 1863இல் ஆமோஸ் மாவட்ட வாரப் பத்திரிகைக்கு எழுதினார்: 'ஆண்டவர் அனுப்புமுன்பே மழையைத் தம் ஏட்டில் வரவு வைத்துக்கொள்ளும் போதகர் ஒருவர் நம் அருகில் வாழ்கிறார்.' பெயர் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை. தோர்ன்டேலில் பிரசங்கத்தின் நடுவே மழை தூறினால் பின்வரிசையில் கனைப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பாதிரியார் தம் பங்குக்கு, வானிலைப் பதிவுகளைத் திரட்டும் லண்டன் சங்கத்துக்கு எழுதினார். அங்கே ஆமோஸ் போட்டிருந்த உறுப்பினர் விண்ணப்பம் திரும்பி வந்தது. இருமல் கஷாயம் காய்ச்சுபவரின் நாட்குறிப்பு விஞ்ஞானம் ஆகாது என்று யாரோ சொன்னார்களாம். அந்த யாரோ யார் என்பதை ஆமோஸ் கேட்கவில்லை.

1866 நவம்பரில் எரிநட்சத்திரங்கள் மழையாகக் கொட்டின. நள்ளிரவு தாண்டி, பதினான்காம் தேதி. ஆமோஸ் தொப்பியும் இல்லாமல் தெருவில் நின்று பார்த்தார். பாதிரியார் பத்திரிகைக்கு அனுப்பிய குறிப்பில் பதின்மூன்றாம் தேதி என்று இருந்தது. ஆமோஸ் அன்று கெசியாவைப் பிடித்துச் சுற்றாத குறை. "மாட்டிக்கிட்டாரு! நாடே பாத்துச்சு, நாடே!" உடனே எழுதினார். பதில் இரண்டே வரி:

'எந்த வானியலாளரும் பதின்மூன்று என்றே எழுதுவார். மருந்துக்கடைக்கு வந்து பாடம் நடத்த எனக்கு நேரமில்லை.'

திமிர் பிடித்த கிழவன் என்று சொல்லிவிட்டு ஆமோஸ் அதைக் கோப்பில் குத்தினார்.

லண்டன் சங்கம் வடக்குப் பள்ளத்தாக்குகளின் மழைப் பட்டியலை நூலாக அச்சிட இருந்தது. இரண்டு பதிவேடும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன. எது தவறு என்று தெரியும்வரை இரண்டும் வேண்டாம் என்று செயலர் எழுதியிருந்தார். ஆமோஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. மகன் இல்லை. இருபத்தொன்பது ஆண்டு எண்கள் அச்சில் ஏறவேண்டும், அது ஒன்றுதான் அவருடைய ஆசை. அதற்குக் குறுக்கே நின்ற ஆள் இப்போது இல்லை. பாதிரியாரின் மூலக் குறிப்பேட்டில் ஒரு பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் போதும்.

அடக்கம் முடிந்த மறு திங்கட்கிழமை, முகட்டைத் தாண்டி நடந்தே தோர்ன்டேல் போனார். கதவைத் திறந்தவள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த திருமதி ஸ்கேஃப். அவர் பெயரைச் சொன்னதும் கதவை மூடப் போனாள். லண்டன் சங்கத்தின் கடிதத்தைக் காட்டிய பிறகு அடுப்பறை வரைக்கும் விட்டாள்.

"இங்கயே உக்காந்து பாருங்க. ஒரு தாளு வெளிய போகக் கூடாது. தேத்தண்ணி எதிர்பாக்காதீங்க, உங்களுக்கு இந்த வீட்டுல பச்சத் தண்ணியும் கிடையாது."

"நான் கேக்கலியேம்மா."

"கேட்டாலும் கிடையாது. பேப்பர்ல எழுதினீங்களே, அந்த வாரம் பூரா எங்க ஐயா ரொட்டியத் தொடல. தெரியுமா உங்களுக்கு?"

பதினோரு குறிப்பேடுகளை மேசைமேல் போட்டாள். தடித்த ஏடுகள். விண்மீனுக்கும் மழைக்கும் தனித்தனி ஏடு வைத்துக்கொள்ளவில்லை பாதிரியார். இடப்பக்கம் விண்மீன், வலப்பக்கம் மழை. அனுப்பிய பட்டியல்களில் தேதியும் அளவும் மட்டுமே இருக்கும்; இதில் மணியும் இருந்தது. மழைக்கு எதிரே பெரும்பாலும் ஒரே மணி: இருபத்தொன்று.

ஆமோஸின் விரல் அங்கே நின்றது. இருபத்தொன்று என்றால் இரவு ஒன்பது. "ஆகா," என்றார் வாய்விட்டு. "ராத்திரி ஒம்போது மணிக்கு, இருட்டுல, விளக்கப் புடிச்சுக்கிட்டு மழை அளந்தாராமே!"

திருமதி ஸ்கேஃப் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள். "யாரு சொன்னது? காலையில ஒம்போது அடிச்சதும் குப்பியத் தூக்கிக்கிட்டுத் தோட்டத்துக்குப் போவாரு. அவரு வர்றதுக்குள்ள நான் வச்ச கஞ்சி ஆறிப்போயிடும். பன்னெண்டு வருஷமா ஆறின கஞ்சிதான் அந்த மனுஷன் குடிச்சாரு. ராத்திரியாம் ராத்திரி!"

ஆமோஸ் இடப்பக்கத்தைப் பார்த்தார். இரவு பார்த்த விண்மீன்களுக்கு எதிரே எட்டு, ஒன்பது, பதினொன்று என்று மணி எழுதியிருந்தது. விடியலில் பார்த்தவற்றுக்குப் பதினாறு, பதினேழு. மாலையில் அளந்த மழைக்கு நான்கு. எண்ணிக்கை நண்பகலில் தொடங்குகிறது. நட்சத்திரம் பார்ப்பவர்கள் ஓர் இரவை நடுவில் அறுத்து இரண்டு தேதியாக்க விரும்பாமல், நண்பகலிலிருந்து நண்பகல் வரை ஒரே நாள் என்று வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் பதினான்காம் தேதிக் காலை ஒன்பது மணி என்பது பதின்மூன்றாம் தேதியின் இருபத்தொன்றாம் மணி. காலை மழை எல்லாம் முந்தைய தேதியில் விழும். மாலை மழை மட்டும் பொருந்தும். எரிநட்சத்திரங்கள் கொட்டியதும் அப்படித்தான்.

விஞ்ஞானம் எழுதுகிறவன் ஒரு நாளை வேறெப்படித் தொடங்குவான் என்று பாதிரியார் நினைத்திருக்கிறார். நாள் என்றால் நள்ளிரவில் தொடங்குவது என்பதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டுமா என்று ஆமோஸ் நினைத்திருக்கிறார். அறுநூறு கடிதங்களில் ஒருவரும் மற்றவரை, உங்கள் நாள் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது என்று கேட்கவில்லை.

"என்ன, பொய்யக் கண்டுபிடிச்சாச்சா?" என்றாள் திருமதி ஸ்கேஃப்.

"இல்ல."

"அப்ப எதுக்கு மூஞ்சி இப்படிப் போகுது?"

"அவரு எழுதினது அத்தனையும் சரி."

"அத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அவரு வேலிக்கு அந்தாண்டதான் கெடக்காரு, அங்க போய்ச் சொல்லுங்க."

ஆமோஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, "என்னுதும் சரிதான்," என்றார்.

"பாத்தீங்களா! அதச் சொல்லாமப் போக முடியுதா உங்களால!"

கல்லறைப் பக்கம் அவர் போகவில்லை. வீட்டுக்கு வந்து கெசியாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் போய்க் கடைக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "இது அந்த வீட்டம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவளுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது. வாய மூடிக்கிட்டு இருந்தா உங்க ஏடு மட்டும் அச்சாயிடும், இல்ல?"

"ஆயிடும்."

"என்ன செய்யப் போறீங்க?"

"அந்தக் கிழவன் ஒரு வரி எழுதியிருந்தா இந்த இழவே இல்ல!" என்று மேசையைத் தட்டினார். அளவுக் குப்பி உருண்டு விழுந்து உடைந்தது. பிறகு உட்கார்ந்து பத்திரிகைக்கு எழுதினார். 1863இல் சொன்னதைத் திரும்பப் பெறுவதாக ஐந்து வரி. அதில் இரண்டு வரி, பாதிரியார் விளக்கம் சொல்லாதது பெரும் பிழை என்று. பத்திரிகை அதை ஆட்டுத் தைல விளம்பரத்துக்குக் கீழே போட்டது.

லண்டன் செயலர், பாதிரியார் ஏட்டின் தேதிகளை ஊர்க்கணக்குக்கு மாற்றி அனுப்பினால் இரண்டையும் சேர்த்தே அச்சிடுவதாக எழுதினார். ஒன்று கூட்டிவிட்டால் முடிந்துபோகும் வேலையில்லை அது. ஒவ்வொரு நாளும் மணியைப் பார்த்து, காலையா மாலையா என்று தெரிந்து மாற்ற வேண்டும். நான்காயிரம் நாள். பத்திரிகையில் வந்த ஐந்து வரியைப் பார்த்தபிறகு திருமதி ஸ்கேஃப் ஏடுகளை வெளியே விடச் சம்மதித்தாள், அதுவும் ஒவ்வொன்றாகத்தான். முந்தையது திரும்பி வந்தால்தான் அடுத்தது. ஒவ்வொரு முறையும் தாள்களை எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினாள். ஆமோஸ் கடை மூடியபின் தினமும் உட்கார்ந்து மாற்றினார், திட்டிக்கொண்டே. கெசியா அடுத்த அறையிலிருந்து கேட்பாள், "இன்னிக்கு என்னவாம் அவரு மேல?" "கையெழுத்தப் பாரு, காக்கா கிறுக்கின மாதிரி," என்பார். சில இடங்களில் ஓரத்தில் பாதிரியார் 'பிக்தால் மீண்டும் தாமதம்' என்று எழுதியிருந்தார். அதன்கீழ் ஆமோஸ் 'தாமதமில்லை' என்று எழுதினார்.

1869 டிசம்பரில் ஆமோஸுக்கு நெஞ்சில் சளி கட்டியது. அவர் கடையில் விற்ற எதுவும் கேட்கவில்லை. ஜனவரி ஏழாம் தேதி இறந்தார். திருத்தம் பாதியில் நின்றதால் நூலில் இரண்டு பதிவேடும் இடம்பெறவில்லை.

திருத்தம் 1862 செப்டம்பர் ஒன்பதாம் தேதி வரை முடிந்திருக்கிறது. அடுத்த வரியில் மணியும் மழை அளவும் எழுதியிருக்கிறது. தேதி எழுதவில்லை.