காமாலை என்று எழுதிய லீவு லெட்டர்

தொண்ணூறுகளின் நடுவில், காட்டில் ஒளிந்திருந்த சந்தனக் கடத்தல்காரன் ஒருவனைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த சமயம். கொள்ளேகால் பக்கத்துத் தமிழர் என்றாலே போலீசுக்குச் சந்தேகம். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம்தான். மைசூரில் நூல் மில்லில் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவரை ஜீப்பில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்றார்கள்.

நான் செய்த முதல் காரியம், மில்லுக்கு லீவு லெட்டர் எழுதியதுதான். மஞ்சள் காமாலை, வீட்டில் படுத்திருக்கிறேன் என்று அவர் எழுதுவதுபோல எழுதி, கையெழுத்தையும் நானே போட்டேன். போலீஸ் பிடித்தது தெரிந்தால் வேலை போய்விடுமே. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கும் அதே காமாலைதான். பக்கத்து வீட்டம்மா கீழாநெல்லி பறித்துக்கொண்டு வந்தார். அதையும் வாங்கி, அந்தம்மா காதில் விழ அம்மியில் அரைத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு வேறு.

இருபது நாளாகியும் ஆள் வரவில்லை. ஸ்டேஷனில் கேட்டால், அப்படி யாரையும் கொண்டுவரவே இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பிடித்தவரை ஒரு நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும் என்பதே ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்து, அவர் சொல்லித்தான் தெரிந்தது. ஸ்டேஷனில் தேடி ஆளைக் கொண்டுவர உத்தரவு கேட்டு அவர் மனுப் போட்டார்.

விசாரணை அன்று போலீஸ் தரப்பில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். மில்லிலிருந்து வாங்கி வந்த என் லீவு லெட்டர்! அந்தத் தேதியில் ஆள் காமாலையோடு வீட்டில் கிடந்திருக்கிறான், பிறகு எங்கே போனானோ என்றார்கள். வக்கீல் திரும்பி என்னைப் பார்த்தார். அவரிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை. நான்தான் எழுதினேன் என்றால் கள்ளக் கையெழுத்துக்கு என்னையும் உள்ளே தள்ளுவார்கள். வாயை மூடிக்கொண்டால் என் வீட்டுக்காரர் அங்கேயே கிடப்பார்.

"ஹெதரபேடி அம்மா. பயப்படாம நடந்ததச் சொல்லுங்க" என்றார் வக்கீல், கன்னடமும் தமிழுமாக.

சொன்னேன். மாஜிஸ்திரேட் ஒரு தாளைக் கொடுத்து, அதையே மறுபடி எழுதச் சொன்னார். கை உதறியதில் எழுத்தெல்லாம் கோணல்மாணலாக விழுந்தது. தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மில்லுக்கு எழுதியதும் அப்படித்தான் நடுங்கியிருந்தது. உத்தரவு போட்டுவிட்டார்.

மறுநாள் மத்தியானம், கோர்ட் அனுப்பிய ஆள் அதே ஸ்டேஷனின் பின்னறையிலிருந்து அவரைக் கூட்டிவந்தார். மூன்று வாரத் தாடி. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். எத்தனை நாளாக அங்கே இருக்கிறாய் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். இவர், பக்கத்தில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்தார்.

"நேத்துத்தானுங்க சாமி. நானாத்தான் போனேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே கத்தியிருப்பேன். வக்கீல் கையைக் காட்டி அடக்கினார். மாஜிஸ்திரேட் அந்தத் தாடியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, வழக்கு எதுவும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, ஜெயிலுக்குப் போனாலும் போறேன்னு நான் உண்மையச் சொன்னேன். நீங்க எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"அவங்களுக்கு நம்ம வீடு தெரியும் புள்ள" என்றார்.