ஏணைக் கொளுக்கி

கொட்டாஞ்சேனையில் ஸ்ரனிஸ்லாஸ் கட்டிய மேல்வீட்டுக்கு யார் வாடகைக்கு வந்தாலும் சட்டம் ஒன்றுதான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது. போட்டால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். கலண்டர் மாட்டியவர்கூடத் தப்பியதில்லை. துறைமுகத்தில் மாடாய் உழைத்து எழுப்பிய வீடல்லவா! சட்டம் அவருடையது, கறார் அவர் மனைவி புளோறன்ஸுடையது.

அவர் போய் முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. புளோறன்ஸ் இன்னும் அழவில்லை. வந்த சனம் அதையும் ஒரு குறையாகச் சொல்லிவிட்டுத்தான் போனது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் சமைத்தாள், சாப்பிட்டாள். உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது.

மேல்வீட்டு நிலூஷா சாவி கொடுக்க வந்த காலையிலும் அப்படித்தான். ஒருகொடவத்தை கொன்டெய்னர் யார்ட்டில் புருஷனுக்கு வேலை குறைந்துவிட்டது. முகத்துவாரம் பக்கம் சின்னதாக ஒரு வீடு பார்த்திருந்தார்கள். அவளுக்குப் பிள்ளை பிறந்த பிறகு புளோறன்ஸ் மேலே ஏறியது அன்றுதான். அறையின் கொங்கிறீற் கூரைத் தட்டில் துளைத்து இறுக்கிய ஒரு கொளுக்கி. அதில் பிள்ளைக்குச் சேலைத் தொட்டிலாய் ஏணை கட்டிய நைலோன் கயிறு.

“இது ஆரைக் கேட்டுப் போட்டது?”

நிலூஷா கயிற்றைப் பார்த்தாள், இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

“பிழைதான் அன்ரி. கொஞ்சம் பாத்துப் பிடியுங்கோ. இந்தச் சல்லியத்தான் அங்க அட்வான்ஸா குடுக்கோணும்.”

“எல்லாருக்கும் ஒரு சட்டந்தான்.”

பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தாள். கோபமும் வரவில்லை, பாவமும் வரவில்லை.

அவர்கள் போனதும் கதிரையில் ஏறிக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். அவிழவில்லை. இரண்டு சுற்று, வாலை உள்ளே திருப்பி ஒரு செருகல். கல்யாணம் முடித்த நாள் தொட்டு அவள் வீட்டுக் கொடிக்கயிற்றிலும் நத்தார் நட்சத்திரத்திலும் இருப்பது இதே முடிச்சுத்தான். துறைமுகத்தில் பழகிய அவர் கை போட்டது. கதிரையை விட்டு இறங்காமலே நிலூஷாவுக்குப் போன் எடுத்தாள்.

“ஏன் பிள்ளை, அவர்தான் போட்டதெண்டு சொல்லேல்ல?”

“அன்ரிட்டச் சொல்லாத எண்டு அங்கிள் சொன்னவர். செத்த மனுசன்ர தலையில பழியைப் போட மனம் வரேல்ல.”

“பிடிச்சதை இண்டைக்கே கொண்டுவந்து தாறன்.” முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தாள். “வேற என்ன சொன்னவர்?”

“தங்களுக்குப் பிள்ளை குடுத்து வைக்கேல்ல எண்டு சொன்னவர். ஏணை ஆடுற சத்தம் கீழ கேட்டா, அவ ஒருநாளைக்கு எப்பிடியும் ஏறி வருவா எண்டும் சொன்னவர்.”

புளோறன்ஸுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அந்தச் சத்தம் தினமும் கீழே கேட்டதுதான். அவள் ஃபேனைக் கூட்டி வைத்துக்கொண்டு கீழேயே இருந்துவிட்டாள்.