இரண்டாவது கோடு

ஜாய்ஸுக்குப் பயந்த சுபாவம். தேனியில் ஒரு ரத்த வங்கியில் டெக்னீஷியனாகச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியும், பெரியகுளத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் முந்தின நாள் அனுப்பிய பைகளையே நினைத்துக்கொண்டு வருவாள். லேபிளைச் சரியாக ஒட்டினோமா? காமாலைக் கிருமிக்குப் பார்த்தோமா? வீட்டில் அவளைக் கேலி செய்வார்கள்.

2004 மே மாதம், வீரபாண்டித் திருவிழா நேரம். காலை பதினொரு மணி இருக்கும். பக்கத்து ஆஸ்பத்திரியில் பொன்னாத்தாள் என்ற பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். இருப்பில் இருந்த ஒரே பையும் ஏறிவிட்டது. மதுரையில் கேட்ட ரத்தம் சாயங்காலம்தான் வரும். பொன்னாத்தாளின் அண்ணன் சுயம்புலிங்கம், போடியில் பாத்திரக் கடைக்காரர், அதே குரூப். ஓடி வந்து படுத்துக் கையை நீட்டினார்.

பை நிரம்பி முடிப்பதற்குள் பொன்னாத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் போன்.

"ஜாய்ஸ், டெஸ்ட்டெல்லாம் பெறகு பாத்துக்கலாம். பையக் குடுத்து விடு. நான் பொறுப்பு."

"இருபது நிமிஷம் மேடம்..."

"அந்தப் பொண்ணுக்கு இருபது நிமிஷம் இருக்கான்னு தெரியல."

போனை வைத்துவிட்டுப் பையைக் கையில் எடுத்தாள். பை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நல்ல ஆரோக்கியமான ஆள், கூடப்பிறந்தவர். கொடுத்துவிட்டால் என்ன? தரவில்லை என்று அந்தப் பெண் செத்துப்போனால்? எச்.ஐ.வி. சோதிக்கும் அட்டையில் ஒரு சொட்டு வைத்தாள்.

முதல் கோடு உடனே வந்தது. அது எப்போதும் வரும். இரண்டாவது வந்தால்தான் கிருமி இருக்கிறது என்று அர்த்தம். பன்னிரண்டாவது நிமிஷம் பக்கத்திலேயே இன்னொரு கோடு, பென்சிலால் லேசாக இழுத்த மாதிரி தெரிந்து கறுத்தது. வேறொரு அட்டையில் பார்த்தாள். அதிலும் இரண்டு கோடு.

வெளியே சுயம்புலிங்கமும் அவர் தாய் மாயக்காளும் சொந்தக்காரர்களும் நின்றார்கள்.

"ஏம்மா, ரத்தம் இன்னும் போகலையா? தங்கச்சி அங்கன செத்துக்கிட்டுக் கெடக்கா!"

அத்தனை பேர் முன்னால் எதைச் சொல்வது? "இது சேரலண்ணே. வேற ஆள வரச் சொல்லுறேன்."

"கூடப்பொறந்தவன் ரத்தம் சேராதா? எம்மகளக் கொல்லப் பாக்குறியா?" என்று மாயக்காள் கத்தினாள்.

ஜாய்ஸ் டாக்டரம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். பிறகு உத்தமபாளையத்தில் மளிகைக் கடை வைத்திருந்த அப்துல் சமதுவுக்குப் போன் செய்தாள். வழக்கமாக ரத்தம் கொடுப்பவர், அவருக்கும் ஓ நெகட்டிவ்.

"வீரபாண்டியில ரோடு பூராம் சனம். எப்படியும் வந்துர்றேன்மா."

அவர் வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வீரபாண்டிக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு, அந்த இடத்தில் மட்டும் தோப்புப் பாதையில் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். அதுவரை போன் மணி அடிக்கும்போதெல்லாம், அந்தப் பெண் போய்விட்டாள் என்றுதான் சொல்லப்போகிறார்கள் என்று ஜாய்ஸ் நினைத்தாள். அவர் ரத்தத்தையும் எல்லா அட்டைகளிலும் வைத்தாள். இந்த முறை டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. எதிலும் இரண்டாவது கோடு வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு அவளே ஓடினாள்.

கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. ஆனால் பொன்னாத்தாள் பிழைத்தாள்.

நாலாம் நாள் சுயம்புலிங்கத்தைத் தனியாக வரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். "ஒரு டெஸ்ட்ட வச்சு முடிவு பண்ணக் கூடாதுண்ணே. அரசு ஆஸ்பத்திரியில திரும்பப் பாக்கணும்."

"தங்கச்சிக்கு அது போயிருச்சா?"

"ஒரு சொட்டுக்கூடப் போகலண்ணே."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்புறம்தான் மனைவியின் நினைப்பு வந்து, உட்கார முடியாமல் எழுந்து நின்றார்.

அரசு ஆஸ்பத்திரிக்கு அவருடன் ஜாய்ஸும் போனாள். அவருக்கு நோய் உறுதியானது. மனைவிக்கு இல்லை. அவர் மருந்து சாப்பிட்டுக் கடையைத் தொடர்ந்து நடத்தினார். தாயிடம் விஷயத்தைச் சொல்லவில்லை.

மகனின் ரத்தத்தை வேண்டாமென்ற திமிர் பிடித்தவள் என்று மாயக்காள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். ஒருநாள் சந்தையில் ஜாய்ஸின் காதுபடவே சொன்னாள். ஜாய்ஸ் வெங்காயத்தைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள்.