அக்காவை அழைக்க மூன்றாவது பிளாட்பாரத்துக்கே போனேன்

இன்று காலை நம்ம ஸ்டேஷனில் என் சக்கர நாற்காலி முதல்முறையாக லிஃப்டில் ஏறியது!

சென்னையிலிருந்து அக்கா வரும்போதெல்லாம் நான் ஸ்டேஷன் வாசலில், ஆட்டோக்களுக்கு நடுவேதான் காத்திருப்பேன். மூன்றாவது பிளாட்பாரத்துக்குப் போக வேண்டுமென்றால் நாலு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். எனக்கு அது பிடிக்காது.

லிஃப்ட் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், அவளிடம் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

லிஃப்டுக்கு முன்னால் மேலப்பாளையத்து அம்மா ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். படியேற வலி, லிஃப்டில் ஏறப் பயம்.

"நடுவுல நின்னுட்டா என்னம்மா செய்ய?"

"நானும் வாரேம்லா. நின்னா ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருப்போம், வாங்க."

மேலே போய், பாலத்தைக் கடந்து, அந்தப் பக்கம் இன்னொரு லிஃப்டில் இறங்கும்வரை அவர் என் நாற்காலியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. கதவு திறந்ததும், "அல்ஹம்துலில்லாஹ்! ஒரு படிகூட மிதிக்கலியே!" என்று சிரித்தார்.

ரயில் வந்தது. பெட்டியோடு இறங்கிய அக்கா என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, ஒன்னய யாரு இங்கன தூக்கிட்டு வந்தா?"

"யாரும் தூக்கல. நானாத்தான் வந்தேன்."

அவளுக்கு அழுகை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அழைத்து வந்தாயிற்று. இனி யாரையாவது ரயிலேற்றிவிட்டு, வண்டி மறையும்வரை கையசைக்க வேண்டும். இந்த வாரம் யார் ஊருக்குக் கிளம்புகிறீர்கள்? எந்த வண்டி என்று மட்டும் சொல்லுங்கள்!