அண்ணனின் கட்டைவிரலும் பழைய கேமும்

ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து மூன்று மாதமாக அண்ணனின் வலது கை சரியாக அசைவதில்லை. விரல்களுக்கு வேலை கொடுக்கச் சொன்னார் டாக்டர். அதனால் இன்று காலை பாயான் பாருவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய், சின்ன வயதில் நாங்கள் விளையாடிய குதிக்கும் கேமை, பழைய கேம்களை லேப்டாப்பில் ஓடவைக்கும் எமுலேட்டரில் போட்டு டிவியில் இணைத்தேன்.

பார்த்ததும் முகம் சுளித்தார். "இது நம்ம கேம் இல்லலா."

கையோடு சேர்த்து ஞாபகமும் போய்விட்டதா?

"படம் ரொம்ப கிளியரா இருக்கு. நம்ம பழைய டிவில கோடு கோடாத்தானே தெரியும்?"

ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது. செட்டிங்கில் தேடி, பழைய டிவியைப் போலக் கோடுகளையும் லேசான மங்கலையும் சேர்த்தேன்.

"ஆங், இதான்லா!" என்று கண்ட்ரோலரை வாங்கிக்கொண்டார்.

முதல் பள்ளத்திலேயே விழுந்தார். மறுபடியும் அதே பள்ளம். ஏழாவது தடவை என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, பட்டன் லேட்டா வேலை செய்யுது. உன் எமுலேட்டர்தான் சரியில்ல."

அவர் குளியலறைக்குப் போனதும் நானே அழுத்திப் பார்த்தேன். தொட்டவுடன் குதித்தது.

திரும்பி வந்தவரிடம், "ஆமாண்ணே, லேட்டாத்தான் இருக்கு. நாளைக்குச் சரி பண்ணிடுறேன்," என்றேன்.

கேமின் வேகத்தை அவருக்குத் தெரியாமல் கொஞ்சம் குறைக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தப் பதிவை அண்ணன் பார்க்காதபடி மறைத்திருக்கிறேன். யாராவது ஷேர் செய்து என்னை மாட்டிவிடாதீர்கள்.