பலகைச் சுவர் நின்ற இடம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு தலையில் கொழுந்துக் கூடைதான். வாக்கியம் கோணலாக வரும். சிலது மறந்தும் போச்சு, முன்னது பின்னதாக எழுதியிருப்பேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் எங்களுடையது கடைசிக் காம்பரா. முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு, அதற்கு உள்ளே ஒரே ஒரு அறை, பின்னால் அடுப்படி. நானும் என் வீட்டுக்காரரும் மகளும் அந்த ஒரு அறையில்தான் இருந்தோம். மகள் எங்களுக்கு வெகு நாள் கழித்துப் பிறந்த ஒற்றைப் பிள்ளை. படித்தாள். கொழும்பில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை கிடைத்துப் போனாள். கொரோனா வந்ததும் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளும் கம்ப்யூட்டரோடு வந்து சேர்ந்தாள். ஊரே பயந்து கிடந்த காலம் அது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோசம். பிள்ளை திரும்பி வந்துவிட்டாளே.

நோய் அடங்கின பிறகு கம்பெனியிலிருந்து ஒரு பேச்சு வந்தது. சத்தம் இல்லாத தனி அறை இருக்கிறவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், இல்லாதவர்கள் கொழும்புக்கு வர வேண்டும். மகள் இதைச் சோறு தின்றுகொண்டே சொன்னாள். என் வீட்டுக்காரர் கையைக் கழுவிவிட்டு வந்து அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"தனி ரூம்தானே தாயி? கட்டிட்டாப் போச்சு."

செங்கல் வைத்தால் தோட்டத்து ஆபீசில் கேட்க வேண்டும், லயம் அவர்களுடையது. பலகை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். பென்சன் எடுத்த பிறகு அவர் சீசன் காலத்தில் நல்லதண்ணி என்கிற ஊருக்குப் போய், சாமி கும்பிட மலை ஏற வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி விற்கிற ஒரு கடையில் கூடமாட நிற்பார். அந்த வருசம் சீசன் முடிந்து கடையைக் கழற்றியபோது, கடைக்காரர் சிங்களவர், நல்ல மனுசன், பழைய பலகைகளை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கடைசி பஸ்ஸின் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்தார். பச்சைப் பெயின்ட் அடித்த பலகைகள். ஒன்றில் மட்டும் சிவப்புச் சிங்கள எழுத்து பாதி நின்றது.

ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசை வர வேண்டும், மேசைக்குப் பின்னால் நாற்காலி வர வேண்டும், நாற்காலிக்குப் பின்னால் சுவர். மகளை உட்காரச் சொல்லி, எழும்பச் சொல்லி, காலை நீட்டச் சொல்லி, அதற்குப் பிறகுதான் சிமெந்துத் தரையில் சோக்குக் கட்டியால் கோடு இழுத்தார். அந்தக் கோட்டின் மேல் மரச்சட்டத்தை வைத்துப் பலகைகளை அடித்தார். கடைக் கதவையே கதவாக வைத்தார். எங்கள் கட்டிலுக்கு மிச்சம் ஒரு சந்து மாதிரி இடம்தான் இருந்தது. அவர் இஸ்தோப்பில் பாய் விரித்துக்கொண்டார். பனி கொட்டுகிற இஸ்தோப்பு. நான் சொன்னால் கேட்கவில்லை.

அடுத்த காம்பராக்காரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா, வீட்டுக்குள்ளயே கவர்மெண்டு கச்சேரி கட்டிட்டீங்களாம்ல? இனிமே மனு குடுத்துட்டுத்தான் உள்ள வரணுமா?"

"நீ குடுத்தாலும் தள்ளுபடிதான், போ," என்றார் என் வீட்டுக்காரர்.

அங்கேதான் ஒரு பிழை நடந்தது. எங்கள் லயத்துச் சுவர்கள் கூரையைத் தொடாது. ஆள் கையைத் தூக்கினால் எட்டுகிற உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே தகரத்துக்குக் கீழே முதல் காம்பராவிலிருந்து கடைசிக் காம்பரா வரைக்கும் திறந்தே கிடக்கும். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் "கொத்தமல்லி வச்சுக் குடிங்க" என்பார்கள். பிறந்ததிலிருந்து அந்தச் சுவரைத்தான் பார்த்திருக்கிறோம். அவரும் அதே உயரத்தில் கட்டி நிறுத்திவிட்டார். எனக்கும் அது குறையாகத் தோன்றவில்லை.

முதல் நாள் மகள் கதவைச் சாத்திக்கொண்டு கொழும்பு ஆட்களோடு இங்கிலீசில் பேசிக்கொண்டிருந்தாள். அப்போது அடுத்த காம்பராவில் புருசன் பெண்சாதிச் சண்டை.

"ரொட்டி கல்லு மாதிரி இருக்காம்! நேத்து ஊத்திக்கிட்டு வந்து அதே ரொட்டிய நாலு தின்னப்ப கல்லாத் தெரியலயா?"

அது அப்படியே சுவர் ஏறி வந்து கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. மகள் முகம் சிவந்து வெளியே வந்தாள்.

"அப்பா, செவுரு ஏன் மேல வரைக்கும் போகல?"

அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். "செவுருன்னா அவ்வளவுதானே தாயி?"

அவளுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜரும் சிரித்துவிட்டாராம், ஆனால் இன்னொரு முறை இப்படி வந்தால் கொழும்புக்கே வந்துவிடு என்றாராம். மறுநாள் என் வீட்டுக்காரர் தோட்டத்துப் பெக்டரியில் கேட்டு, தேயிலை அடைக்கிற தடித்த கடுதாசிப் பைகளில் கிழிந்ததாக ஒரு கட்டு வாங்கி வந்தார். மடித்து மடித்து, பலகையின் மேல் விளிம்பிலிருந்து தகரம் வரைக்கும் ஆணி அடித்து மூடினார். ஜன்னல் பக்கத்துச் சுவரின் மேலேயும் மூடினார்.

அதற்குப் பிறகு சத்தம் உள்ளே போகவில்லை. வெளியேயும் வரவில்லை. ஒரே வீட்டில் பிள்ளை இருக்கிறாள், அவள் இருமுவது எனக்குக் கேட்கவில்லை. தேத்தண்ணி கொண்டு போய்க் கதவைத் தட்டுவேன். என் வீட்டுக்குள் நான் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. அவள் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றாமல் கையால் கும்பிடுவது போல் காட்டி வாங்கிக்கொள்வாள். எனக்கு அது போதும். மாலையில் கதவைத் திறந்து வந்து அடுப்படியில் என் பக்கத்தில் குந்துவாள். பிள்ளை இருக்கிறாள், போய்விடவில்லை. அந்தச் சுவர் அதற்காகத்தானே.

அப்படி ஒரு வருசத்துக்கு மேல் போனது.

ஒரு நாள் மகள், "அப்பா, நாளைக்கு மத்தியானம் ஒரு முக்கியமான மீட்டிங். ஒரு மணி நேரம். ஒரு சத்தமும் வரக்கூடாது," என்றாள். கோயிலில் திருவிழா நேரம். ஸ்பீக்கர் எங்கள் லயத்தைப் பார்த்துத்தான் கட்டியிருந்தது. கம்பெனியில் பெரிய வேலை கொடுக்கப் போகிறார்கள் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

அவர் கோயில் கமிட்டிக்காரர்களிடம் போய்க் கெஞ்சினார். "சாமி பாட்டையே நிறுத்தச் சொல்றியாப்பா?" என்று ஒருவர் ஏசினாராம். ஆனாலும் நிறுத்தினார்கள். அடுத்த காம்பராக்காரி அழுகிற பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போய்விட்டாள். அவளுடைய கோழிகளைக் கூடையில் கவிழ்த்து வைத்தோம். அவருக்கு அப்போதே நெஞ்சில் சளி. அடைப்பையும் தாண்டி இருமல் பிள்ளைக்குக் கேட்டுவிடுமோ என்று குடையை எடுத்துக்கொண்டு மேட்டுப் பாதையில் போய் நின்றார். நான் இஸ்தோப்பில் சும்மா உட்கார்ந்திருந்தேன். லயம் முழுக்க அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை.

கதவு திறந்தது. அவர் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். மகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"டுபாய்ல ஒரு கம்பெனிப்பா. எடுத்துக்கிட்டாங்க. அடுத்த மாசமே வரச் சொல்றாங்க. கெடைக்குமோ கெடைக்காதோன்னுதான் முன்னாடியே சொல்லல."

நான் அவரைப் பார்த்தேன். அவர் குடையை மடக்கி மூலையில் சாத்தி வைக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

"நல்லாப் பேசினியா தாயி?"

"பேசினேன்பா."

"சத்தம் கித்தம் எதுவும் வந்துச்சா?"

"ஒரு சத்தமும் வரலப்பா."

"அப்பச் சரி," என்றார்.

அவள் போன பிறகு அவர் இஸ்தோப்பிலிருந்து உள்ளே வரவில்லை. "அறை சும்மாத்தானே கிடக்கு, அங்க படுங்க" என்றால், "அது ஆபீசு, படுக்கிற எடமா?" என்பார். மழைக்கு நனைந்த துணியை உள்ளே காயப்போட்டாலும் எடுத்து வெளியே போடுவார். மேசையைத் துடைப்பார், நாற்காலியை நேராக வைப்பார், கதவைச் சாத்துவார். நான் ஒரு தடவை கேட்டேன்.

"ஏங்க, இந்தச் செவுத்தக் கழட்டிருவமா? மூச்சு முட்டுது."

"கழட்டிட்டா, புள்ள வந்தா எங்க உக்காரும்?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அவள் போன நாலாம் மாதம், நல்ல மழையில், ஒரு காலை நேரம் அவர் போய்விட்டார். இருமல் கூட இல்லை. கொடுத்த தேத்தண்ணி பாதி குடித்தபடி இருந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

பூண்டுலோயாவிலிருந்து அவருடைய தங்கச்சி வந்து சேர்ந்தாள். வாசலில் கூடாரம் போட முடியாத மழை. இஸ்தோப்பில் சாரல் அடித்துத் தண்ணீர் நின்றது. உள்ளேதான் கிடத்த வேண்டும். கட்டிலை வெளியே எடுத்தார்கள். தலையைத் தெற்கே வைத்தால் கால் போய்ப் பலகையில் முட்டியது.

"மதினி, அண்ணனக் கால முட்ட வச்சா அனுப்புறது?" என்று அவருடைய தங்கச்சி அழுதாள்.

"குறுக்கால வச்சா?" என்றார் ஒருவர்.

"தெசை மாத்தி வைக்கிறதாவது! என்ன பேச்சுப் பேசுறீங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாலு பேர் முன்னால் நான் பேசினதே கிடையாது. அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் கால் அந்தப் பச்சைப் பலகையில் பட்டுக்கொண்டிருந்தது.

"கழட்டுங்க," என்றேன்.

பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். மேலே இருந்த கடுதாசிப் பைகளைப் பிய்த்தபோது மடிப்புகளில் கிடந்த தேயிலைத் தூள் கொட்டியது. எல்லாரும் தும்மினார்கள். அடிச்சட்டத்தைத் தூக்கியதும் அவர் இழுத்த சோக்குக் கோடு தரையில் அப்படியே இருந்தது, இன்றைக்கு இழுத்தது போல. அதன் மேல்தான் அவரை நீட்டிக் கிடத்தினார்கள்.

மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அவள் வரும் வரைக்கும் வைத்திருக்க முடியாது. அடுத்த காம்பராக்காரியின் மருமகள் போனைப் பிடித்துக்கொண்டு காட்டினாள். மகள் முகம் கல் மாதிரி இருந்தது.

"அம்மா, அப்பாவ எங்க வச்சிருக்கீங்க? இது எந்த எடம்?"

"ஒன் ஆபீஸ்லதான் பாப்பா."

அவள் ஜன்னலைப் பார்த்திருப்பாள். "செவுரு எங்கம்மா?" என்றாள். அடுத்த காம்பராக்காரிதான் சொன்னாள்: "மழ பாப்பா. எடம் பத்தல பாப்பா."

அப்போதுதான் அவள் அழுதாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடிவிட்டார்கள். மேலே அடைப்பு இல்லை. அந்தச் சின்னப் போனுக்குள்ளிருந்து வந்த அழுகை தகரத்துக்குக் கீழே ஓடி முதல் காம்பரா வரைக்கும் கேட்டதாம்.

அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு முறைப்படி வீட்டைக் கழுவினார்கள். மஞ்சள் தண்ணீர் விட்டு, தென்னந் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினார்கள். நான் மூலையில் கிடந்தேன். எழும்பிப் பார்த்தபோது தரை சுத்தமாக இருந்தது. கோடு இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள்.

பலகைகள் என் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. அடுத்த காம்பராக்காரியின் புருசன் திரும்ப அடித்துத் தருகிறேன் என்று ஒரு நாள் சுத்தியலோடு வந்து நின்றார். "எங்க அடிக்கிறது அக்கா? எடத்தக் காட்டுங்க," என்றார். நான் இங்கே நின்று பார்த்தேன், அங்கே நின்று பார்த்தேன். பக்கச் சுவர் எல்லாம் எந்தக் காலத்து ஆணி ஓட்டையோ. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் சுத்தியலைக் கொண்டு போய்விட்டார்.

மகளிடம் கேட்டால், "வேணாம்மா, வந்தா பாத்துக்கலாம்," என்கிறாள். எப்போது என்று சொல்வதில்லை. ஆனால் வந்தால் அவள் எங்கே உட்காருவாள்?

அதனால்தான் எழுதத் தெரியாத கையால் இதை எழுதினேன். ஜன்னல் விளிம்பிலிருந்து சுவர் என் கைக்கு எட்டு சாண் என்று நினைக்கிறேன், ஒன்பதாகவும் இருக்கலாம். சிவப்பு எழுத்துப் பலகை கதவுக்கு அடுத்தது என்று ஞாபகம், எழுத்து உள்பக்கமா வெளிப்பக்கமா தெரியவில்லை. கதவு இடப்பக்கம் திறந்தது என்றுதான் நினைக்கிறேன். அந்த அறைக்குள் உட்கார்ந்து பார்த்தவள் நீ ஒருத்திதான் பாப்பா. இதைப் படித்து, எது பிழை என்று பார்த்துச் சொல்லு. அப்பா வைத்த இடத்திலேயே வைக்க வேண்டும்.