யானைப் பாடமும் சேவல் படமும்

பள்ளிக்கூடம் எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை. இதைப் பெருமையாகவே சொல்லுவேன். நாலாம் வகுப்பைப் பாதியில் விட்டவன், தென்காசியில் மூன்று கடை போட்டிருக்கிறேன். வக்கீல் எழுதிய கிரயப் பத்திரத்தில் தென்னெல்லையும் வடவெல்லையும் மாறிக்கிடந்ததை நானே வாசித்துக் கண்டுபிடித்தேன். ஆனால் மூன்றாம் வகுப்பில் வாசிப்பு என்று எங்களுக்கு நடத்தியதை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது.

அது ஐம்பதுகள். எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு இன்ஸ்பெக்டர் எப்போது வருவார் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. குற்றாலத்தில் ஆடிச் சாரல் தொடங்கினால் வந்துவிடுவார். காலையில் எண்ணெய் தேய்த்து அருவிக் குளியல், பிறகு எங்கள் வாசிப்பு, அதன்பின் வாத்தியார் வீட்டில் சாப்பாடு.

அதற்காக ஆனி மாதம் முழுக்க எங்களுக்கு ஒரே பாடம், யானை. எழுத்தைக் காட்டிச் சொல்லித்தர மாட்டார் வாத்தியார். அவர் சொல்ல, நாங்கள் கத்துவோம். தாளைத் திருப்ப வேண்டிய இடம்கூட மனப்பாடம்தான்.

"தும்பிக்கைன்னதும் திருப்பணும்லே. மறந்தா தொலிய உரிச்சிருவேன்."

என் புத்தகம் மூன்று பேர் படித்துக் கழித்தது. யானைப் பாடத் தாளே அதில் இல்லை. எனக்கென்ன? முழுப் பாடத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். வகுப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை.

உண்மையாக வாசிக்கத் தெரிந்தது ஒருத்திக்குத்தான். தறிக்காரர் மகள். வீட்டுக்கு வரும் நூல்கட்டுகளில் ஒட்டியிருக்கும் சீட்டுகளைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் பழகியவள். இந்த வருஷமும் வகுப்பு ஏறாவிட்டால் தறிக்கு நூல்தார் சுற்ற உட்கார வேண்டியதுதான் என்று அவள் வாப்பா சொல்லிவிட்டார். அதை அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பாள், பயத்தில்.

இன்ஸ்பெக்டர் வந்தார். காதோரம் எண்ணெய் வழிந்தது. வாயில் வெற்றிலை. பிழிந்தும் பிழியாத ஈரத்துண்டை வாத்தியார் பயபக்தியோடு வாங்கிக் கரும்பலகை மேல் காயப்போட்டார். பலகையில் அன்று எழுதியிருந்த நாலு எழுத்தும் தண்ணீரோடு கரைந்து ஒழுகியது.

முதலில் என்னை எழுப்பினார்கள். புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு யானையை ஓட்டினேன். 'தும்பிக்கை' வந்ததும் தாளைத் திருப்பினேன். இன்ஸ்பெக்டர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நான் பிடித்திருந்த பக்கத்தில் பெரிய கொண்டையோடு ஒரு சேவல் நின்றது. அவர் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன். வாத்தியாரிடம் திரும்பிச் சிரித்தார்.

"பய தண்ணியா வாசிக்கான் ஓய்."

அடுத்தது அவள். நிஜமாகவே வாசிக்கத் தெரியும் என்று காட்டத்தான் போலிருக்கிறது, யானைப் பாடத்தை விட்டுவிட்டு, பிரித்த இடத்தில் இருந்த வேறு பாடத்தை அவள் வாசிக்கத் தொடங்கினாள். விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, ஒவ்வொன்றாக, நின்று நின்று. தப்பே இல்லை. இரண்டு வரி தாண்டவில்லை, இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார்.

"வண்டி கல்லுல ஏறுத மாதிரில்லா இருக்கு. இதை ரெண்டாங் கிளாசுக்கு இறக்கும்."

அவள் வாசிக்கத் தெரிந்தவள் என்று வாத்தியாருக்குத் தெரியும். "சரிங்க சார்வாள்" என்று சொல்லிவிட்டு இலை போடச் சொல்லி ஆள் அனுப்பினார். எனக்கு இரண்டு கை நிறைய நேந்திரங்காய் வறுவல் கொடுத்தார்.

மணி அடித்ததும் அவள் என்னிடம் வந்தாள்.

"ஒன் புஸ்தகத்துல சேவல்லாலே இருந்துச்சு. ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

என் வாயில் வறுவல் இருந்தது. மென்றுகொண்டே நின்றேன். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

பதினாலு வயதில் பஸ் ஸ்டாண்டில் மூட்டை ஏற்றியபோதுதான் நான் வாசிக்கக் கற்றேன். யாரும் சொல்லித்தரவில்லை, பஸ் போர்டுகளைப் பார்த்தே கற்றேன். வடகரை, ஆய்க்குடி எல்லாம் சீக்கிரம் வசப்பட்டன. வீரகேரளம்புதூரை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிப் போய்விடும். 'வீ', 'ர', 'கே' என்று நின்று நின்று வந்தது என் குரல். அப்படியே அவள் வாசித்த மாதிரி.

இன்றும் எனக்கு அந்த வாசிப்புதான், விரல் வைத்து. என் கடையில் நேந்திரங்காய் வறுவல் மட்டும் விற்பதில்லை. அந்த எண்ணெய் வாடை வந்தாலே வாய் கசக்கிறது.